பாட்டே இல்லாத இசையைப் பாடிய 40,000 பேர்: ‘ரஷ் இன் ரியோ’வில் ஏன் இவ்வளவு கூச்சல்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “ரஷ் குழுவின் லைவ் ஆல்பங்களில் ‘ரஷ் இன் ரியோ’வைத்தான் ஆளாளுக்குத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். வாங்கிக் கேட்டால் கூட்டத்தின் கத்தல் இசையை அமுக்குகிறது, ட்ரம்ஸ் மங்கலாக இருக்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கேட்கிறது. ரெக்கார்டிங் சொதப்பல்தானே? அப்புறம் எதற்கு இந்தக் கொண்டாட்டம்?”

ரெக்கார்டிங்கில் குறை இருக்கிறது, அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தக் கத்தல் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த ஆல்பத்தையே கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மூன்று பேர் வாசிப்பதைத் துல்லியமாகக் கேட்க ஆசையென்றால் அவர்களுடைய வேறு லைவ் ஆல்பங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒலியில் பெரும்பாலும் இதைவிடச் சுத்தமானவை. ஒரு ஸ்டேடியமே அந்த மூவரோடு சேர்ந்து பாடுவதைக் கேட்க இதை விட்டால் வேறு கதியில்லை.

ரஷ்ஷைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கனடாவின் டொரான்டோ பக்கத்து மூவர் குழு. கெடி லீ பேஸ் கிட்டார் வாசிப்பார், பாடுவார், கீபோர்டும் அவரேதான், போதாததற்குக் காலால் பெடல் வேறு மிதிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். நீல் பியர்ட் ட்ரம்ஸ், அதோடு பாட்டு வரிகள் எழுதுவதும் அவர் பொறுப்பாக இருந்தது. பியர்ட் 1974-இல் சேர்ந்ததிலிருந்து 2020-இல் அவர் இறக்கும் வரை ஆள் மாறவே இல்லை. நீளமான பாட்டுகள், 5, 7 என்று விரல் விட்டு எண்ண வேண்டிய தாளங்கள், அறிவியல் புனைகதை போன்ற வரிகள். விமர்சகர்கள் பல வருடம் இவர்களைக் கிண்டலடித்தார்கள், ரசிகர்கள் விடாப்பிடியாகக் கூடவே இருந்தார்கள்.

இப்போது 2002-க்கு வருவோம், ஏனென்றால் அந்த வருடத்தின் பின்னணி தெரியாமல் இந்த இரவு புரியாது. 1997 ஆகஸ்டில் பியர்டின் மகள் சாலை விபத்தில் இறந்தார். பத்து மாதத்தில் மனைவி புற்றுநோயில் போய்விட்டார். என்னை ஓய்வு பெற்றவனாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்று ஏறக்குறைய 88,000 கிலோமீட்டர் சுற்றினார். குழு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், மற்ற இருவர் உட்பட. 2001-இல் மெல்லத் திரும்பி வந்தார், 2002 மே மாதம் ‘வேப்பர் ட்ரெய்ல்ஸ்’ ஆல்பம் வந்தது, ஜூன் 28 அன்று ஹார்ட்ஃபர்டில் சுற்றுப்பயணம் தொடங்கியது. அந்தப் பயணத்தின் கடைசி இரவுதான் நவம்பர் 23, ரியோ டி ஜெனிரோ, மரக்கானா ஸ்டேடியம். இந்த ஆல்பம் பதிவானது அன்றுதான்.

பிரேசிலுக்கு அவர்கள் அதற்கு முன்பு போனதே இல்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘டாம் சாயர்’ வந்தது 1981-இல். 21 வருடமாக அந்தப் பாட்டை ரெக்கார்டிலும் கேசட்டிலும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஊர் அது. அதுவும் சாதாரணமாகக் கேட்கவில்லை. ‘மெக்கைவர்’ தொடர் 80-களில் பிரேசிலின் குளோபோ டிவியில் ஓடியபோது, அங்கே அதற்குத் தொடக்க இசையாக ‘டாம் சாயர்’தான் ஒலித்தது! அமெரிக்காவில் ரஷ் என்றால் ஒரு தனிக் கூட்டத்தின் ரசனை, பிரேசிலிலோ ராக் பக்கமே தலைவைத்துப் படுக்காத வீட்டிலும் அந்த சிந்தசைசர் உறுமல் தெரிந்திருக்கிறது. குழுவுக்கோ இதன் அளவு அங்கே போய் இறங்கும் வரை பிடிபடவில்லை.

வெளிநாட்டு ராக் குழுக்கள் அந்தப் பக்கம் அதிகம் போகாததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1964-இலிருந்து 1985 வரை அங்கே ராணுவ ஆட்சி. தூரம், செலவு, நம்பகமான ஏற்பாட்டாளர்கள் இல்லாமை எல்லாம் சேர்ந்துகொண்டன. 1985 ஜனவரியில் முதல் ‘ராக் இன் ரியோ’ திருவிழா நடந்தபோது குவீன், அயர்ன் மெய்டன், ஏசி/டிசி எல்லாரும் வந்தார்கள். அந்த விழா நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், ஜனவரி 15 அன்று, ராணுவத்தைச் சேராத டான்கிரேடோ நெவெஸ் அதிபராகத் தேர்வானார். குவீனின் ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாட்டை அந்தக் கூட்டமே ஆங்கிலத்தில் பாட, ஃப்ரெடி மெர்குரி பாடுவதைவிட கூட்டத்தை நடத்துவதில் மும்முரமாக நிற்கும் காட்சி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பல வருடம் பட்டினி போட்டுவிட்டு இலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. ரஷ்ஷுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் 17 வருடம் நீண்டது.

மூன்று ஊர்கள். நவம்பர் 20 போர்ட்டோ அலெக்ரே, 22 சாவ் பாலோவின் மொரும்பி ஸ்டேடியம், மறுநாளே ரியோ. சாவ் பாலோவில் கொட்டும் மழையில் சுமார் 60,000 பேர் நின்றார்கள். அதுவரை தங்கள் பெயரில் நடத்திய கச்சேரிகளில் அவர்கள் பார்த்த மிகப் பெரிய கூட்டம் அதுதான், 28 வருட வாழ்க்கையில்! சரி, அந்த மழைதான் அடுத்த நாள் வினையாக வந்தது. நனைந்த சாமான்களைக் கழற்றி லாரியில் ஏற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் ரியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். லாரிகள் தாமதமாக வந்தன, மேடை போடவே நேரம் போதவில்லை, கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடக்கவில்லை. டிவிடிக்காகப் படம் பிடிக்க வந்த குழுவும் இந்த நெருக்கடிக்குள்தான் தன் கேமராக்களையும் வயர்களையும் இழுத்துக்கொண்டிருந்தது. டிவிடியின் இரண்டாவது வட்டில் ‘தி பாய்ஸ் இன் பிரேசில்’ என்று ஆண்ட்ரூ மக்நாட்டன் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது, கச்சேரியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். சுற்றுப்பயணத்தின் கடைசி நாள் என்பதால் ‘இன்று சரியாக வரவில்லை, நாளைக்கு மறுபடி பதிவு செய்யலாம்’ என்ற வழியும் கிடையாது. உலகத் தரத்தில் பதிவு செய்ய இதைவிட மோசமான நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இடமும் சாதாரண இடமில்லை. மரக்கானா 1950 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு, உருகுவேயிடம் பிரேசில் தோற்ற அந்த ஆட்டத்துக்கு, காசு கொடுத்து வந்தவர்கள் மட்டுமே 1,73,850 பேர். 1990-இல் பால் மெக்கார்ட்னி பாடியபோது 1,84,000 பேர். இந்தக் கணக்குகளுக்கு முன்னால் ரஷ்ஷின் 40,000 சின்ன எண்தான். ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு அங்கே கூடுகிறவர்களின் பழக்கத்தைப் பாருங்கள். வாராவாரம் ஆயிரக்கணக்கான பேர் முழுத் தொண்டையில், ஒரே சுருதியில், பெரும்பாலும் வார்த்தையே இல்லாமல் ‘ஓலே ஓலே’ என்று பாடிப் பழகிய இடம் அது. தன் அணிக்காக ஒன்றாகப் பாடுவது, குதிப்பது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது எல்லாம் கால்பந்து ரசிகர்களுக்குச் சின்ன வயதிலேயே படிந்துவிடுகிற பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஒரு ராக் கச்சேரிக்கு வந்தால் பாட்டு வரிகள் எதற்கு?

அதனால்தான் ‘ஒய்ஒய்ஸீ’ நடந்தது.

இந்த ஆல்பத்தை எடுத்தவுடன் எல்லோரும் பேசும் விஷயம் அதுதான், பேசுவதில் நியாயமும் உண்டு. ‘ஒய்ஒய்ஸீ’ (YYZ) என்பது டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்துகளை மோர்ஸ் முறையில், அதாவது தந்தி அடிப்பது போலக் கோடும் புள்ளியுமாக, தட்டினால் வரும் தாளமே பாட்டின் தொடக்கம். கோட்டுக்கு 2, புள்ளிக்கு 1 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதல் ஒய் 7, அடுத்த ஒய் 7, கடைசி எழுத்து 6, மொத்தம் 20. அதை நான்கு நான்காகப் பிரித்துப் போட்டால் ஐந்து தட்டு, அதாவது 5/4 தாளம். இப்படி விமானியின் காதில் விழும் சிக்னலை எடுத்து ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) ஆக்கினால், அதில் பாட வரி எங்கே இருக்கும்? வரியே கிடையாது, சுத்தமான வாத்திய இசை, 1981-இன் ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் நான்கரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுவது. அந்த ஆல்பத்திலேயே இசைக்கருவி கற்கிற பிள்ளைகள்தான் முதலில் தேடிப்போகும் உருப்படி.

மரக்கானாவில் என்ன நடந்தது என்றால், தொடக்கத் தாளம் முடிந்து கிட்டாரும் பேஸும் அந்த முக்கிய மெட்டை எடுத்தவுடன் கூட்டம் அதைப் பாட ஆரம்பித்துவிடுகிறது. நாம் ஒரு சினிமாப் பாட்டின் இடையில் வரும் வயலின் இசையை வாயாலேயே ‘தனனா தனனா’ என்று இழுப்போமே, அதை ஒரு ஸ்டேடியம் முழுக்கச் செய்தால் எப்படி இருக்கும்? அதுவும் நிதானமான மெட்டு இல்லை, விறுவிறுவென்று ஓடுவது. ஒரு ஸ்வரத்தைக்கூட விடுவதில்லை. பாடிக்கொண்டே குதிக்கிறார்கள், குதிப்பது தாளத்தில் விழுகிறது. படத்தில் மேடையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். கெடி லீ சிரிப்பை அடக்கிக்கொள்ளக்கூட முயற்சி செய்வதில்லை. இருபது வருடமாக எத்தனையோ ஊரில் அதே உருப்படியை வாசித்திருக்கிறார்கள், மற்ற ஊர்களில் ரசிகர்கள் காற்றில் ட்ரம்ஸ் அடிப்பார்கள், தலையாட்டுவார்கள், முடிந்ததும் கத்துவார்கள். இங்கே கூடவே பாடுகிறார்கள்.

இப்போது உங்கள் புகாருக்கு வருகிறேன்: ஏன் மங்கலாகக் கேட்கிறது? இதற்குக் கொஞ்சம் ஒலியின் கணக்கு வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு இசை 0.2 வினாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவன் தன் காதில் விழுந்ததோடு சரியாகச் சேர்த்துத்தான் பாடுவான், ஆனால் அவன் குரல் மேடை ஓரத்து மைக்குக்குத் திரும்பி வர இன்னொரு 0.2 வினாடி. ஆக அவன் பாடியது மேடை மைக்கில் 0.4 வினாடி பிந்தி விழுகிறது. வேகமான ராக்கில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் அரை வினாடியைவிடக் குறைவு, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு பின்தங்கிவிட்டான். 10 மீட்டரில் நிற்பவன் 0.06 வினாடி, 40 மீட்டரில் நிற்பவன் 0.24 வினாடி என்று ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாமதம். ஸ்டேடியம் கோரஸில் அந்த அகலமான, ஓரம் கரைந்த அலை போன்ற ஒலி வருவதற்குக் காரணம் இந்தச் சிதறல்தான்.

எல்லா மைக்கிலும் தனித்தனியாக விழுந்ததை ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்கிறவருக்குத் தலைவலி இங்கேதான். கூட்டத்தை நோக்கி வைத்த மைக்கில் கூட்டம் மட்டும் விழாது. ஸ்டேடியத்தின் ஸ்பீக்கர் சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, எல்லாமே விழும். மேடையில் ஒவ்வொரு ட்ரம்முக்கும் பக்கத்திலேயே மைக் இருக்கிறது, அங்கே அடி பளிச்சென்று பதிவாகிறது. அதே அடி கூட்ட மைக்கிலும் தாமதமாக, கொழகொழவென்று இன்னொரு முறை பதிவாகிறது. கூட்டத்தைத் தூக்கினால் இந்த இரண்டாம் பதிப்பும் சேர்ந்து தூக்கும், ட்ரம்ஸின் விளிம்பு மழுங்கும். கூட்டத்தைக் குறைத்தால் ட்ரம்ஸ் துலங்கும், ஆனால் மரக்கானா காணாமல் போய்விடும். மைக் ஒவ்வொன்றின் தாமதத்தையும் கணினியில் இழுத்து ஓரளவு சீராக்கலாம், ஆனால் நூறு திசையிலிருந்து வரும் எதிரொலியை எதோடு சீராக்குவது? சவுண்ட் செக்கே இல்லாமல் ஆரம்பித்த கச்சேரியில் மைக் வைத்த இடங்களை முன்கூட்டி ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய நேரம் எங்கே இருந்திருக்கும்?

ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் ஜேம்ஸ் ‘ஜிம்போ’ பார்ட்டனும் அலெக்ஸ் லைஃப்சனும். பார்ட்டன் 80-களிலேயே ‘பவர் விண்டோஸ்’ காலத்தில் இந்தக் குழுவோடு வேலை பார்த்தவர், குழுவின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. காதால் கேட்கிற வரையில் சொல்கிறேன், அவர்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று.

இன்னொரு குறையும் இருக்கிறது, அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஒலி முழுவதும் அளவுக்கு மீறி இறுக்கி அடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லா சிடியும் மற்ற சிடியைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு வெட்டி நிரவிவிடுவார்கள். ‘வேப்பர் ட்ரெய்ல்ஸ்’ ஆல்பமே அதற்குப் பெரிய பலி, கேட்டால் காது வலிக்கும், கடைசியில் 2013-இல் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட வேண்டி வந்தது. ‘ரஷ் இன் ரியோ’ சிடியிலும் அதே வியாதி, மூன்று வட்டும் ஒரே மூச்சில் கேட்டால் அசதி வந்துவிடும். நீங்கள் கேட்ட ‘அப்பிக்கொள்வதில்’ ஒரு பங்கு கூட்டத்தால், இன்னொரு பங்கு இதனால். கூட்டத்தின் மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள்.

லைவ் ஆல்பம் என்றாலே நேர்மையான பதிவு என்று நினைத்தால் அதுவும் தப்பு. கிஸ் குழுவின் 1975 ‘அலைவ்!’ ஸ்டுடியோவில் நிறையத் திருத்தப்பட்டது. ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’டில் குரலை மறுபடி பாடிச் சேர்த்தார்கள். தின் லிஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ எவ்வளவு மேடையில், எவ்வளவு ஸ்டுடியோவில் என்று தயாரிப்பாளரும் குழுவும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். மூன்றும் அருமையான ஆல்பங்கள், நான் குறையே சொல்ல மாட்டேன். கைதட்டலைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒட்டுவதும் பழைய வித்தைதான். ரஷ்ஷே இதற்கு நேர் எதிர் மூலையில் நின்றவர்கள்: 1981-இன் ‘எக்ஸிட்... ஸ்டேஜ் லெஃப்ட்’டில் வாசிப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கூட்டமோ பக்கத்து அறையில் கை தட்டுவது போல அடங்கியிருக்கும். அதிலும் ‘ஒய்ஒய்ஸீ’ உண்டு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், நான் இவ்வளவு நேரம் சொன்னது பதின்மூன்று நிமிடத்துக்குள் விளங்கிவிடும்.

தென் அமெரிக்கக் கூட்டங்களுக்கு இது தனிக் குணம் என்றுகூடச் சொல்லலாம், பிரேசிலோடு நிற்பதில்லை. மெகாடெத் குழு 2005-இல் புவெனஸ் ஐரிஸில் பதிவு செய்த ‘தட் ஒன் நைட்’டில், ‘சிம்பனி ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்’ ரிஃப்பின் மேலேயே அர்ஜென்டினா ரசிகர்கள் குழுவின் பெயரை வைத்து ஒரு கோஷம் போடுவார்கள், அது இன்று பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது, மற்ற நாட்டு ரசிகர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். 2009 டிசம்பரில் ரிவர் பிளேட் ஸ்டேடியத்தில் ஏசி/டிசி எடுத்த படத்தில் தரையே மேலும் கீழும் போவது போல இருக்கும். 2001 ஜனவரி 19 அன்று அயர்ன் மெய்டன் ரியோவில் பதிவு செய்த ‘ராக் இன் ரியோ’வில் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ தொடக்க கிட்டார் மெட்டைக் கூட்டம் பாடும். கூட்டம் அங்கே ரஷ்ஷுக்கு வந்ததைவிடப் பல மடங்கு பெரியது, மிக்ஸும் சுத்தம். ஆனாலும் அந்த மெட்டு பாடுவதற்கென்றே செய்தது போல நிதானமானது. 5/4 தாளத்தில் ஆரம்பிக்கும் ஒன்றைப் பாடியவர்களுக்குத்தான் என் ஓட்டு.

‘ஒய்ஒய்ஸீ’ மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பாட்டே ‘டாம் சாயர்’. முதல் உறுமல் விழுந்ததும் வரும் கூச்சலில் மெக்கைவர் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது, கெடி லீயின் குரலுக்கு மேலேயே பல இடங்களில் கூட்டம் கேட்கும். ‘குளோஸர் டு தி ஹார்ட்’டை அந்த வருடத்து அமெரிக்கக் கச்சேரிகளில் வாசிக்கவே இல்லை, அலுத்துப்போய் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரேசிலில் அதற்கு இருக்கும் மவுசு தெரிந்ததால் எடுத்துச் சேர்த்தார்கள், சேர்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ‘2112’-இன் தொடக்கத்தில் வரும் ‘ஹே!’ என்ற அடிகளில் கைகள் எழும்புவதைப் படத்தில் மேலிருந்து காட்டுவார்கள். ‘கோஸ்ட் ரைடர்’ பியர்டின் அந்த மோட்டார் சைக்கிள் நாட்களைப் பற்றிய பாட்டு, அங்கே மட்டும் கூட்டம் கொஞ்சம் அடங்கிக் கேட்பது போல எனக்குத் தோன்றும், என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பியர்டின் ட்ரம்ஸ் தனி ஆவர்த்தனத்துக்கு ஊருக்கு மரியாதையாக ‘ஓ பட்டெரிஸ்ட்டா’ என்று போர்த்துகீசியத்தில் பெயர் வைத்தார்கள், அது கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. கடைசியில் பழைய பிக் பேண்ட் ஜாஸ் இசைக்கு வாசிப்பார், துக்கத்திலிருந்து எழுந்து வந்த மனிதர் இவ்வளவு உற்சாகமாக வாசிக்கிறாரே என்று நினைக்காமல் பார்க்க முடியாது. ‘லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ’ நடுவில் லைஃப்சன் மைக்கைப் பிடித்து என்னவோ உளறுவார், பாதி புரியாது, புரிந்தாலும் அர்த்தம் இருக்காது, மற்ற இருவரும் முகத்தை மாற்றாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கெடி லீக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் துணி காயவைக்கும் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அவருடைய பேஸ் நேரடியாக ஒலியமைப்புக்குப் போய்விடுவதால் ஆம்ப் தேவையில்லை, மேடையின் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று செய்த குறும்பு. உள்ளே டி-ஷர்ட்கள் சுற்றும், கடைசியில் அதை எடுத்துக் கூட்டத்துக்கு வீசுவார்கள். இவ்வளவு சீரியஸான இசை வாசிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் இருப்பதுதான் எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்தது.

எப்படிக் கேட்பது? முதலில் சிடியை ஒதுக்கிவிட்டு டிவிடியைப் பாருங்கள். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 ஒலியில் கூட்டத்துக்குப் பின்பக்க ஸ்பீக்கர்களிலும் இடம் கிடைக்கிறது, முன்னால் குழுவுக்கு மூச்சுவிட வழி பிறக்கிறது. சிடியில் எல்லாமே இரண்டு ஸ்பீக்கருக்குள் முட்டிமோதிக்கொண்டதுதான் உங்கள் மங்கலுக்கு இன்னொரு காரணம். ‘ஒய்ஒய்ஸீ’, ட்ரம்ஸ் ஆவர்த்தனம், ‘லா வில்லா’ மூன்றுக்கும் கேமராக் கோணத்தை நாமே மாற்றிப் பார்க்கும் வசதி இரண்டாம் வட்டில் உண்டு. படத் தொகுப்பு அங்கங்கே சர்சர்ரென்று வெட்டும், எரிச்சல் வரும், கெடி லீ விரலைப் பார்க்க உட்கார்ந்தவனுக்கு ரசிகர் முகத்தைக் காட்டுவார்கள். ஆனால் அந்த முகங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: வாய் அசைவதை வைத்துச் சொல்கிறேன், வரி தெரியாமல் சும்மா வாயசைப்பவர்கள் அபூர்வம். சிடியில் கேட்டே தீர வேண்டும் என்றால் ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம். ஒரே மூச்சில் மூன்று வட்டும் வேண்டவே வேண்டாம்.

சுத்தமான ரஷ் வேண்டுமென்றால் 2007-இல் ராட்டர்டாமில் பதிவான ‘ஸ்நேக்ஸ் அண்ட் ஆரோஸ் லைவ்’ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நரம்பும் கேட்கும். இந்த ஆல்பத்திலேயே ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். மூன்றாம் சிடியின் கடைசியில் ‘பிட்வீன் சன் அண்ட் மூன்’, ‘வைட்டல் சைன்ஸ்’ என்று இரண்டு பாட்டுகள் கூடுதலாக இருக்கின்றன. அவை ரியோவில் எடுத்தவை இல்லை. அதே சுற்றுப்பயணத்தில் ஒன்று பீனிக்ஸிலும் மற்றது கியூபெக் சிட்டியிலும் மிக்ஸிங் மேஜையிலிருந்து நேரடியாகப் பதிவானவை. அதே மூவர், அதே வருடம், அதே வாத்தியங்கள். ‘வொர்க்கிங் மேன்’ முடிந்து ரியோ அடங்கியதும் அந்த இரண்டும் ஓடட்டும், அப்புறம் முதல் வட்டுக்குப் போய் ‘ஒய்ஒய்ஸீ’ போடுங்கள். அதற்குப் பிறகும் கூட்டத்தைக் குறைத்திருக்கலாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், வாதாடத் தயாராக இருக்கிறேன்.